பேப்பர் போட்டாச்சு, ஊருக்கு வரலாமா?

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, மெல்பேர்ணில் இருந்து வட்ஸ்அப் அழைப்பு வந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அடுத்த காம்பராவில் வளர்ந்த பையன். அவனுடைய அப்பாயி அன்று காலையில் இறந்திருந்தார். அடக்கத்துக்கு வந்து சேர முடியாது என்பது அவனுக்கே தெரியும். பதினாறாம் நாள் கருமாதிக்காவது வரவேண்டும் என்று நினைத்தான்.

"மாமா, சிட்டிசன்ஷிப்புக்குப் பேப்பர் போட்டாச்சு. இப்ப ஊருக்கு வந்தா கேஸ் கெட்டுப் போயிருமா?"

என்னிடம் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2003 கடைசியில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுத்த பையன்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எந்த நாட்டுப் படிவமாக இருந்தாலும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

அவனுக்குச் சொன்ன பதில் சின்னது: வரலாம். விண்ணப்பம் போட்ட பிறகு நாட்டை விட்டு வெளியே போகவே கூடாது என்று அவுஸ்திரேலியாவிலோ பிரித்தானியாவிலோ கனடாவிலோ சட்டம் இல்லை. ஆனால் எப்போது போகிறோம், எந்தக் கடுதாசியோடு திரும்பி வருகிறோம் என்பதில் சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அவன் குரலில் இருந்த பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு அந்தப் பயம் மெல்பேர்ணில் பிடித்ததில்லை. இங்கிருந்தே கொண்டுபோனது.

பழைய ஊர், பழைய கணக்கு

"ஊருக்குப் போய் வந்ததால பிரஜாவுரிமை போச்சு" என்ற பேச்சைக் கேட்காமல் மலையகத்தில் வளர்ந்தவர்கள் குறைவு. அந்தப் பேச்சில் வரும் ஊர் கொட்டகலையும் இல்லை, ஹட்டனும் இல்லை. நம் முன்னோர் தோட்ட வேலைக்குப் புறப்பட்டு வந்த திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்கள். தேயிலைத் தூரிலேயே பிறந்து வளர்ந்த கிழவிகூட அந்தக் காலத்தில் இந்தியாவைத்தான் ஊர் என்பாள். தங்கச்சி கலியாணம், பிள்ளைக்குக் காதுகுத்து, குலசாமிக்குக் கிடாவெட்டு, அப்பன் செத்தால் கருமாதி என்று எதற்கென்றாலும் தலைமன்னாருக்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்குப் போவார்கள். போனவர்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பி வந்து மறுபடி பிரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், நிற்பார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1948 நவம்பர் 15-ஆம் திகதி 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அது. நம்முடைய பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பனார் இங்கே பிறக்காமல் பூட்டனார் பிறந்திருந்தால் அவருடைய விவரம் என்று அதற்குக் கீழே இன்னொரு கூடு. பிறந்த பிள்ளையின் சான்றிதழில் பூட்டனாருக்கு என்ன வேலை என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். 1948 சட்டத்தை வாசித்த பிறகுதான் விளங்கியது. சட்டத்தின் நிபந்தனை அப்படியே படிவத்தில் கூடாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தோட்டத்துச் சான்றிதழ்களில் அந்தக் கூடுகளில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இழுத்திருக்கும்.

அந்தச் சட்டத்தால் வெளியே நின்றவர்களுக்காக அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்தது: 1949-இன் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். இதில்தான் பயணக் கணக்கு நுழைகிறது. கலியாணம் ஆனவர் 1946 ஜனவரி 1-ஆம் திகதிக்கு முந்திய ஏழு வருடம், கலியாணம் ஆகாதவர் பத்து வருடம் இலங்கையில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அந்தத் திகதியிலிருந்து விண்ணப்பம் போடும் நாள் வரைக்கும் அதே தொடர்ச்சி வேண்டும். இடையில் வெளியே போயிருக்கலாம், ஆனால் எந்த ஒரு பயணமும் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தொடர்ச்சி அறுந்தது.

என் தாத்தா 1947-இல் ஊருக்குப் போனார். தங்கச்சி கலியாணத்துக்கென்று போன இடத்தில் அவருடைய அப்பாவும் விழுந்துவிட்டார். கலியாணமும் கருமாதியும் முடித்து, பாகப்பிரிவினைப் பேச்சும் முடித்துத் திரும்ப பதினாலு மாதம். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அந்தப் பதினாலு மாதமும் அவர் பெயர் இல்லை. அவருடைய அண்ணன் ஊருக்கே போகவில்லை. கங்காணியிடம் கடன் இருந்ததால் போக முடியவில்லை என்பதுதான் உண்மை. பின்னால் விசாரணை வந்தபோது அண்ணனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, தம்பிக்கு இல்லை. ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்களில் கடன்பட்டவர் பிரஜை, கலியாணம் செய்து வைக்கப் போனவர் நாடற்றவர். தாத்தா இதைச் சொல்லும்போது சிரிப்பார். பாட்டி சிரிக்க மாட்டார்.

பாட்டிக்கு வேறு காரணம் இருந்தது. ஆம்பிளை விண்ணப்பம் போட்டால் அவன் பெண்டாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இலங்கையில் தொடர்ந்து இருந்தார்களா என்றும் அந்தச் சட்டம் பார்த்தது. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய் வீட்டில். பாட்டியின் தாய் வீடு இராமநாதபுரம் பக்கம். ஒரு பிரசவத்துக்குப் போய், பிள்ளை தேறட்டும் என்று இருந்து, மறு வருடம் வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் கப்பல் ஏறியபோது இப்படி ஒரு கணக்கு வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? 1936-இல் போய் வந்த பயணத்தை 1949-இல் பிறந்த சட்டம் எண்ணியது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. நாட்டில் இவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது உலகத்தில் எல்லா அரசும் கேட்பதுதான். கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் பின்னோக்கிப் போய் எண்ணுவது வேறு கதை.

விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரை தவணை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. அதனால் கடைசி நேரத்தில் கூட்டம் முண்டியது. சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. அந்தப் பரிசீலனையே பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அதற்குள் 1949 நவம்பரில் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வரவே அனுமதி வேண்டும். காத்திருக்கும் காலத்தில் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எங்கள் லயத்துக்கு அப்போதே வந்த கேள்வி.

அடுத்தவன் போனால்தான் உனக்கு

1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். பாடப் புத்தகத்தில் எண்கள் மட்டும் இருக்கும்: நாடற்றவர்கள் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், மூன்று லட்சம் பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். (1974-இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.) புத்தகத்தில் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஒன்று, இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று ஈடாக நடக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அதாவது இங்கே இருக்க மனுப் போட்டவரின் கோப்பு நகர்வதற்கு, பக்கத்து லயத்துக்காரர் மூட்டை கட்ட வேண்டும். காத்திருப்பதில் எத்தனையோ வகை உண்டு, இப்படி ஒரு வகையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. 1984-இல் யுத்தத்தால் அந்தக் கப்பலும் நின்றது. அப்போது கையில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு போக வழியில்லாமல் தோட்டத்திலேயே நின்றுபோனவர்கள் பல்லாயிரம் பேர். ஒரு நாட்டின் புத்தகம், இன்னொரு நாட்டின் லயம். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு எந்த நாடும் இல்லை. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் எண்ணிக்கை ஒப்பந்தக் கணக்குக்கு 94,000 குறைந்ததால் அதை இலங்கை ஏற்றுக்கொண்டது 1986-இல். 1988-இல் இன்னொரு சட்டம். எல்லாம் சேர்ந்தும் மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்துக்குத்தான் 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 தொடங்கி இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை. ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு சில வாரங்களுக்குள் சுமார் 1,90,000 பேருக்குப் படிவம் முடிந்தது. என் மேசைக்கு முன்னால் வந்த கிழவர்களில் பலர் முதலில் கேட்டது, "தம்பி, நடுவுல ஊருக்குப் போய் வந்தத சொல்லலாமா, மறைக்கணுமா?" என்பதுதான். ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் பன்னிரண்டு மாதம் அவர்கள் மனதை விட்டுப் போகவில்லை.

அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. இந்தச் சட்டத்திலும் "நிரந்தரமாக வசித்த" என்ற சொல் உட்கார்ந்திருந்தது. 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறி தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போன மலையக வம்சாவளியினர் இதனால் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். அகதியாக ஓடியதும் வெளியூர்ப் பயணக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2009-இல் கொண்டுவந்த திருத்தங்கள்தான், தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வெளியேறி இந்தியாவில் இருப்பவர்களுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தின.

மெல்பேர்ண் கணக்கு

சரி, பையனுடைய விஷயத்துக்கு வருவோம். பயணத்தைப் பொறுத்தவரை விண்ணப்பக் காலத்தை மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது: படிவம் கொடுப்பதற்கு முன்னால் உள்ள காலம், கொடுத்ததிலிருந்து முடிவு வரும் வரைக்கும் உள்ள காலம், முடிவு வந்ததிலிருந்து உறுதிமொழி எடுக்கும் வரைக்கும் உள்ள காலம். மூன்றுக்கும் விதி வேறு. நம் ஆட்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் துண்டில்தான் நாள் எண்ணுவார்கள். அவுஸ்திரேலியாவில் விண்ணப்பத்துக்கு முந்திய நாலு வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு வருடம் நிரந்தர வதிவிட விசாவோடு. அந்த நாலு வருடத்தில் மொத்தமாக 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு மாதம் என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம், கணக்கு முன்கூட்டியே தெரியும். டிக்கட் எடுக்கும்போதே எண்ணிக்கொள்ளலாம். நாள் போதவில்லை என்றால் விண்ணப்பத்தைச் சில மாதம் தள்ளிப் போடலாம், ஒன்றும் குடி முழுகாது.

படிவம் கொடுத்த பிறகு இந்த நாள் எண்ணிக்கை நின்றுவிடும். அதனால்தான் பையனிடம் தைரியமாக வா என்றேன். ஆனாலும் இரண்டாம் துண்டில் மூன்று இடத்தில் கால் இடறலாம். குடியுரிமைப் பரீட்சைக்கும் நேர்காணலுக்கும் திகதி வந்தால் ஆள் அங்கே இருக்க வேண்டும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளலாம்; சொல்லாமல் விடுவதுதான் தப்பு. (பரீட்சை இருபது கேள்வி. முக்கால்வாசி சரியாக வேண்டும், அதோடு விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்வியில் ஒன்றுகூடப் பிழைக்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா?)

இரண்டாவது இடறல், முடிவு எடுக்கும் நாளில் விண்ணப்பதாரி பொதுவாக அவுஸ்திரேலிய மண்ணில் இருக்க வேண்டும் என்பது. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. நீங்கள் ஹட்டனில் பூரி தின்றுகொண்டிருக்கும்போது அங்கே உங்கள் கோப்பை அங்கீகரிக்க முடியாது. அதற்காக நிராகரித்துவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் எந்த நாள் போகிறேன், எந்த நாள் திரும்புகிறேன் என்று உரிய திணைக்களத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. கருமாதிக்குப் பதினைந்து இருபது நாள் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் இங்கே வந்து உட்கார்ந்தால், இந்த ஆள் அங்கே வாழும் எண்ணத்தில்தான் இருக்கிறாரா என்ற கேள்வி எழும். அது நாள் கணக்கைச் சேர்ந்த கேள்வி இல்லை, பதில் சொல்லவும் கஷ்டம்.

மூன்றாவது இடறலில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், நம் பையனும் விழப் பார்த்தான். பி.ஆர். என்று நாம் சொல்லும் நிரந்தர வதிவிட விசாவுக்கு முடிவுத் திகதி கிடையாது. அங்கேயே இருக்கும் வரைக்கும் அது சாகாது. ஆனால் வெளியே போய்த் திரும்பி நுழையும் அனுமதி, விசா கிடைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு மட்டும்தான். பையன் கொரோனா, வேலை, வீட்டுக் கடன் என்று பல வருடமாக வெளியே போகாததால் அதைப் பார்க்கவே இல்லை. நான் கேட்ட பிறகு பார்த்தான். முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்படியே விமானம் ஏறியிருந்தால் வருவதற்குத் தடையில்லை. திரும்பும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானக் கம்பனிக்காரன் ஏற்ற மாட்டான். பிரஜாவுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று கடிதத்தைக் காட்டினாலும் பலன் இல்லை, ஏனென்றால் விண்ணப்பம் என்பது விசா இல்லை. இதற்கு வதிவாளர் மீள்வருகை விசா என்று ஒன்று இருக்கிறது. கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் நிரந்தர வதிவாளராக அங்கே வாழ்ந்திருந்தால் மறுபடி ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். போட்டான், மூன்றாம் நாள் வந்தது, கருமாதிக்கு முதல் நாள் ராத்திரி கொட்டகலைக்கு வந்து சேர்ந்தான்.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு எண்கள் வேறு: ஐந்து வருடத்தில் 450 நாள், கடைசி வருடத்தில் 90 நாள் வரை வெளியே இருந்திருக்கலாம். புறப்படும் நாளும் வந்திறங்கும் நாளும் கணக்கில் வராது. இன்னொரு வேடிக்கையான விதி, விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த ஒரு நாளில் நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஊரில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தால், அங்கே இருந்த ஒரு நாள் வரும்படி விண்ணப்பத் திகதியைத் தள்ளி வைக்க வேண்டியதுதான். போட்ட பிறகு கைரேகை கொடுக்க அங்கே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு பயணத்துக்குத் தடை இல்லை. கனடாவில் வெளியே போன நாளை விட்டுவிட்டு உள்ளே இருந்த நாளை எண்ணுவார்கள்: ஐந்து வருடத்தில் 1,095 நாள். பி.ஆர். கிடைப்பதற்கு முன் படிப்பு, வேலை என்று சட்டப்படி இருந்த நாட்களையும் அரை நாளாகச் சேர்க்கலாம், அப்படி 365 நாள் வரைக்கும். விண்ணப்பம் போட்ட பிறகும் பி.ஆர். நிபந்தனையான ஐந்து வருடத்தில் 730 நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை டொரன்டோவில் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த எண்கள் எல்லாம் அரசாங்கம் மாறினால் மாறும், ஆகவே புறப்படும் முன் அந்தந்த அரசின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதிமொழி எடுக்கும் நிமிடம்

மூன்றாம் துண்டு, அதாவது அங்கீகாரக் கடிதத்துக்கும் உறுதிமொழி விழாவுக்கும் இடைப்பட்ட காலம், பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். கடிதம் வந்ததும் பிரஜை ஆகிவிட்டோம் என்று இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். இல்லை. உறுதிமொழி எடுக்கும் வரை பழைய விசாவில்தான் இருக்கிறீர்கள், பயணம் போனாலும் அந்த விசாவில்தான் திரும்ப வேண்டும். அவுஸ்திரேலியாவில் அங்கீகாரம் கிடைத்து 12 மாதத்துக்குள் உறுதிமொழி எடுக்காவிட்டால் அங்கீகாரத்தையே இரத்துச் செய்யலாம். பிரித்தானியாவில் அழைப்பு வந்து மூன்று மாதத்துக்குள் விழாவுக்குப் போக வேண்டும். கனடாவில் சத்தியத்தைத் திரைவழி எடுத்தாலும் உடம்பு கனடாவுக்குள் இருக்க வேண்டும்.

உறுதிமொழி எடுத்த மறுநாளே ஊருக்கு டிக்கட் போடுகிறவர்களும் உண்டு. அந்த நிமிடத்தோடு பழைய விசா முடிந்துவிடுகிறது. புது நாட்டுக் கடவுச்சீட்டு கைக்கு வராமல் வெளியேறினால் மறுபடி அதே கட்டுநாயக்கக் கதைதான்.

நான் பையனிடம் அதிக நேரம் பேசியது இதைப் பற்றி இல்லை. அந்த நிமிடத்தில் இன்னொன்றும் முடிகிறது: இலங்கைப் பிரஜாவுரிமை. இன்னொரு நாட்டின் பிரஜையாகத் தானாக விரும்பி மாறினால் இலங்கைப் பிரஜாவுரிமை தன்னால் அற்றுப்போகும். எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, எவரும் கடிதம் அனுப்பப் போவதும் இல்லை. கையில் இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் நாலு வருடத்துக்குச் செல்லும் என்று திகதி போட்டிருக்கும், ஆனால் அதை வைத்திருப்பவர் இலங்கையர் இல்லை. அதில் பயணம் செய்தால் தவறு. வந்து போக விசா எடுக்க வேண்டும்.

தாத்தாவுக்கு மறுத்து, அப்பாவுக்கு இழுத்தடித்து, 2003-இல் என் மேசையில் கைநாட்டு வைத்து வாங்கியது பேரன் காலத்தில் ஒரு மண்டபத்தில் அரை நிமிடத்தில் போகிறது. போகட்டும் என்று விரும்பி விடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாமல் விடுகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

ஏனென்றால் வழி இருக்கிறது. 1987-இல் திருத்திய பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடம் கொடுக்கிறது. வேறு நாட்டுப் பிரஜை ஆகப்போகிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கலாம். ஏற்கெனவே இழந்தவர் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். இரண்டும் அமைச்சரின் தீர்மானத்தைப் பொறுத்தது, கட்டணமும் உண்டு, நாளும் எடுக்கும். தக்கவைக்க நினைப்பவர் உறுதிமொழி நாளுக்கு மாதக்கணக்கில் முந்திக்கொள்ள வேண்டும். பதில் வருவதற்குள் விழாவுக்கு அழைப்பு வந்துவிட்டால், 12 மாத எல்லைக்குள் விழாவைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கேட்கலாம்.

இதெல்லாம் வீண் வேலை, விசா எடுத்து வந்து போனால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் ஒரு தனி வீடும் கிடைப்பதற்கு எத்தனை தலைமுறை லயத்தில் கிடந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். 2014-இன் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. மற்றபடி இரட்டைப் பிரஜை பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, ஆனால் நம் பையனுக்கு அந்த ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

கருமாதி முடிந்து அவன் இங்கே இருந்த இரண்டு வாரத்தில் நான் செய்யச் சொன்ன வேலை, கடுதாசிகளைச் சரிபார்ப்பது. தோட்டத்தில் பிறந்தால் பிறப்பைத் தோட்டத்துரை வழியாகப் பதிவார்கள். துரையின் கிளாக்கர் காதில் விழுந்ததுதான் பெயர். அவனுடைய அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கலியாணச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. அங்கே விண்ணப்பத்தில் சிக்கல் வருவது நாள் கணக்கைவிட இந்த எழுத்துக் கணக்கில்தான் அதிகம். இலங்கைப் பக்கம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கும் இதே சான்றிதழ்கள்தான் வேண்டும். நுவரெலியாவுக்கு இரண்டு தடவை, பிரதேச செயலகத்துக்கு மூன்று தடவை, கிராம சேவகர் வீட்டுக்கு ஒரு தடவை அலைந்து, புதுப் பிரதியும் மொழிபெயர்ப்பும் எடுத்துக்கொண்டு போனான். பயணம் கேஸைக் கெடுக்கும் என்று பயந்து வந்தவனுக்கு, பயணத்தால்தான் கேஸ் சரியானது.

போய்ச் சேர்ந்து ஐந்தாம் வாரம் அங்கீகாரக் கடிதம் வந்தது. ஜனவரி 26-ஆம் திகதி, அவுஸ்திரேலிய தினத்தில் விழா. தக்கவைக்கும் விண்ணப்பத்தை நான் சொன்ன பிறகுதான் போட்டிருந்தான், பதில் வரவில்லை. தள்ளி வைக்கிறாயா என்று கேட்டேன். முடியாது மாமா, வேலையிடத்தில் பிரஜாவுரிமை கேட்கிறார்கள், எடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் வழியில் போடுகிறேன் என்றான். அது அவன் தீர்மானம், நான் மேலே பேசவில்லை.

அப்புறம்தான் தயங்கித் தயங்கி அடுத்த கேள்வியைக் கேட்டான். மனைவி முழுகாமல் இருக்கிறாள், மாசியில் பிள்ளை பிறக்கும். அங்கே பிறப்பதால் பிள்ளை பிறக்கும்போதே அவுஸ்திரேலியர், அதில் கேள்வி இல்லை. இலங்கைக்கும் பதிய முடியுமா? வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு, அது பிறக்கும் நேரத்தில் பெற்றோர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியவும் வேண்டும். அவன் தையிலேயே இலங்கையர் அல்லாதவன் ஆகிவிடுவான். மனைவி பண்டாரவளைப் பெண். அவள் பிறகு போனவள், இன்னும் பி.ஆர். மட்டும்தான்.

அப்படியென்றால் அவள் பெயரில் பதியலாம் என்றேன். 2003 வரைக்கும் இந்த நாட்டில் பிரஜாவுரிமை அப்பா வழியில்தான் இறங்கியது. பிறப்புச் சான்றிதழில் பாட்டனாருக்கும் பூட்டனாருக்கும் கூடு இருந்தது, பாட்டிக்கு இல்லை. அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி அம்மாவையும் சேர்த்தார்கள். பங்குனியில் படம் அனுப்பியிருந்தான். பெண் குழந்தை. தூதரகப் படிவத்தில் எழுத, பண்டாரவளையில் இருக்கும் மாமியாரின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். அதிலும் பெயர் ஒரு எழுத்துப் பிழையாம்.